சாம்பல் மேஸ்திரி

எட்டு மாதமாக மர்சலின் தன் புருஷனிடம் ஒரு காரியத்தை மறைத்துக்கொண்டிருந்தாள். சாயங்காலம் வேலை முடிந்ததும் குழாயடியில் நின்று கை, முழங்கை, கழுத்து என்று தேய்த்துத் தேய்த்துக் கழுவுவாள். நகக்கண்ணில் ஒட்டியிருப்பதை ஈர்க்குச்சியால் நோண்டி எடுப்பாள். வேலைக்குக் கட்டுகிற பழைய சேலையை அங்கேயே இரும்பு அலமாரியில் வைத்துவிட்டு, வேறு சேலை மாற்றிக்கொண்டுதான் சைதாப்பேட்டைக்கு பஸ் ஏறுவாள். அவ்வளவு பாடுபட்டு அவள் கழுவியது வேறொன்றுமில்லை, சாம்பல்.

கோட்டூர்புரம் தாண்டி, மரம் அடர்ந்த ஒரு இன்ஜினியரிங் காலேஜின் பின்பக்கத்தில் கான்கிரீட் சோதனைக்கூடம். அங்கே அவள் பதினோரு வருஷமாக உதவியாளர். மணல் சலிப்பாள், ஜல்லி கழுவுவாள், சிமென்ட் எடை போடுவாள். கலவையை இரும்பு அச்சில் கொட்டிக் கம்பியால் குத்தி நிரப்புவாள். மறுநாள் அச்சைக் கழற்றி, கட்டியைக் குழந்தையைப்போல இரண்டு கையால் தூக்கித் தண்ணீர்த் தொட்டியில் இறக்குவாள். இருபத்தெட்டாம் நாள் அதே கட்டியை எடுத்து, எவ்வளவு பாரம் தாங்கும் என்று பார்க்க மிஷினில் வைத்து உடைப்பாள். படிப்பு பத்தாவதோடு நின்றது. ஆனால் பெரிய பெரிய வாத்தியார்களே கலவையைக் காட்டி, "மர்சலின், பதம் எப்படி?" என்று கேட்டுவிட்டுத்தான் அடுத்த வேலைக்குப் போவார்கள்.

சாம்பலைக் கொண்டுவந்தவள் லாவண்யா, ஆராய்ச்சி மாணவி. ஆரணிக்காரி. "எங்க ஊர்ல ரைஸ் மில்லுக்குப் பின்னாடி உமிச்சாம்பலை மலை மலையா கொட்டி வெச்சிருப்பாங்க அக்கா. காத்தடிச்சா காயவெச்ச துணியெல்லாம் கறுப்பு. எங்கப்பாவுக்கு இருபது வருஷமா இருமல். அதை எங்கியாவது சேர்க்கணும்" என்பாள். ஆரணியிலிருந்து உமியை மூட்டையாகத் தருவித்தாள். இருவருமாக அதை உலையில் எரித்தார்கள். சூடு குறைந்தால் கரி தங்கிக் கறுப்பாக இருக்கும், கூடிப்போனால் சாம்பல் செத்துவிடும், சிமென்டோடு சேராது. இடையில் ஒரு சூடு உண்டு. அந்தச் சூட்டில் வெந்த சாம்பல் வெளிறிய சாம்பல் நிறத்தில், விரலில் எடுத்தால் முகப்பவுடரைப்போல வழுக்கும். மிஷின் காட்டும் எண்ணைப் பார்க்காமலே, விரலால் தேய்த்துப் பார்த்தே மர்சலின் சொல்லிவிடுவாள்: "இது உசுரோட கீது பாப்பா. அது போச்சு, கொட்டிடு."

ஒருநாள் லாவண்யா அவளை மைக்ராஸ்கோப்பில் பார்க்கச் சொன்னாள். மர்சலின் ஒற்றைக் கண்ணை இடுக்கிப் பார்த்தாள். ஒரு துணுக்குச் சாம்பல், தேன்கூடுபோலத் துளைதுளையாக, சீராக, யாரோ உட்கார்ந்து பின்னியதைப்போல இருந்தது.

"இது இன்னா பாப்பா?"

"நெல்லுச் செடி சேத்துல நிக்குதில்ல, அப்ப தண்ணியோட மண்ணுல இருக்கிற மணல் சத்தையும் உறிஞ்சிக்கும். அதை உமியில சேத்து வெச்சிக்கும், அரிசிக்குக் காவலா. எரிச்சா மத்ததெல்லாம் போயிடும். இது மட்டும் நிக்கும்."

மர்சலின் மறுபடியும் கண்ணை வைத்தாள். நாற்பத்தேழு வருஷம் சோறு தின்றிருக்கிறாள். ஒவ்வொரு பருக்கைக்கும் மேலே இப்படி ஒரு கோட்டை இருந்தது அவளுக்குத் தெரியாது. அன்று மத்தியானம் சாப்பாட்டு டப்பாவைத் திறந்தவள் கொஞ்ச நேரம் சோற்றைப் பார்த்தபடியே இருந்தாள்.

இதையெல்லாம் வீட்டில் சொல்ல ஆசைதான். ஆனால் அந்த வீட்டில் சாம்பல் என்ற சொல்லையே எடுக்க முடியாது.

அவள் புருஷன் ஆம்ப்ரோஸ் கொத்தனார் மேஸ்திரி. சாந்தோமில் கடலைப் பார்த்த சந்து ஒன்றில் சண்முகவேல் என்பவருக்கு வீடு கட்டிக் கொடுத்திருந்தான். சண்முகவேல் திருச்செந்தூர்ப் பக்கத்துக்காரர், தி.நகரில் ஜவுளிக்கடை. வீடு கட்டி ஒன்பதாம் வருஷம், மழை விட்ட ஒரு காலையில், பக்கவாட்டு ஜன்னலுக்கு மேலிருந்த சன்ஷேட் அப்படியே பெயர்ந்து விழுந்தது. கீழே துணி உலர்த்திக்கொண்டிருந்தவர் சண்முகவேலின் மனைவி சுந்தரவல்லி. தலை தப்பியது. இடது கணுக்கால் நொறுங்கிப்போனது. "சிமென்டைத் திருடிட்டுச் சாம்பலைக் கலந்துட்டான்" என்று சண்முகவேல் தெருவில் நின்று சொன்னார். அந்த ஒரு வாக்கியம் மயிலாப்பூர், மந்தைவெளி, அடையாறு என்று எங்கும் போய்விட்டது. முப்பது வருஷப் பேர் ஒரே வாரத்தில் கரைந்தது. ஆம்ப்ரோஸுக்கு அதற்கப்புறம் யாரும் கான்கிரீட் வேலை கொடுக்கவில்லை. பாத்ரூம் டைல்ஸ், பூச்சு, ஓட்டை அடைப்பு என்று இரண்டு வருஷமாக ஓடுகிறது. ஆள் எடுக்கிற இடத்தில் அவனுக்கு வைத்த பேர் 'சாம்பல் மேஸ்திரி'. அந்த வருஷம் சாம்பல் புதனுக்கு அவன் கோயிலுக்கே போகவில்லை. "என் நெத்தியில ஏற்கெனவே பூசிட்டாங்க. சாமியார் வேற பூசணுமா?" என்றான்.

ஐப்பசி பிறந்து மழை பிடித்துக்கொண்ட நாள் ஒன்றில் சோதனைக்கூடத்து மோட்டார் பழுதாகி, குழாயில் சொட்டுத் தண்ணீர் இல்லை. மர்சலின் துணியால் துடைத்துக்கொண்டு கிளம்பினாள். சைதாப்பேட்டையில் பஸ்ஸை விட்டு இறங்கி வீடு சேர்வதற்குள் நல்ல மழை. வாசலில் அவள் சேலையைப் பிழிந்தபோது ஆம்ப்ரோஸ் கயிற்றுக்கட்டிலில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தான். அவள் காதுக்குப் பின்னாலிருந்து கழுத்து வழியாக, முழங்கையிலிருந்து மணிக்கட்டு வழியாக, சாம்பல் நிறக் கோடுகள் வழிந்து இறங்கின.

"இன்னாமே இது?"

"சிமென்ட்டு."

அவன் எழுந்துவந்து அவள் கையைப் பிடித்து ஒரு கோட்டை விரலால் வழித்தான். இரண்டு விரலுக்கு நடுவில் தேய்த்தான். முப்பது வருஷம் சிமென்ட் தொட்ட விரல்.

"சிமென்ட்டு பிடிக்கும். இது வழுக்குது. இன்னாது, சொல்லு."

அவள் சொன்னாள். சொல்லச் சொல்ல அவன் முகம் கல்லாகிக்கொண்டே போனது.

"எத்த கலந்தேன்னு சொல்லி என் பேரை நாறடிச்சானுங்களோ, அத்த நீ அங்க குந்திகினு சலிச்சிகினு கீறியா? எட்டு மாசமா? ஒரே பாய்ல படுத்துகினு?"

"நீ நெனைக்கிற மாதிரி இல்லய்யா அது. அளந்து போடறது. பத்துக்கு ஒரு பங்கு..."

"திருடனும் அளந்துதான் போடுவான்!"

அன்று நெத்திலிக் குழம்பு. மாங்காய் போட்டு, அவனுக்குப் பிடித்த மாதிரி. அவன் தட்டைத் தொடவில்லை. மறுநாள் கோபாலபுரத்தில் டைல்ஸ் வேலைக்கு டீகூடக் குடிக்காமல் போனான். நான்கு நாள் அந்த ஒற்றை அறையில் இரண்டு பேரும் ஒருவர் மேல் ஒருவர் படாமல் நடந்தார்கள். வெளியே மழை விட்டு விட்டுப் பெய்தது. அடையாற்றில் தண்ணீர் செம்மண் நிறத்தில் ஏறியது.

ஞாயிற்றுக்கிழமை சின்னமலையில் பூசை முடிந்து திரும்பும்போது மர்சலின் வழியில் வடகறி வாங்கினாள். வீட்டில் இட்லியை வேகவைத்து, அவன் முன்னால் தட்டை வைத்துவிட்டு அவளும் எதிரில் உட்கார்ந்தாள்.

"தின்னுகினே கேளு. சிமென்ட்டு தண்ணி குடிச்சி இறுகும்போது சொம்மா இறுகறதில்ல. உள்ளாற சுண்ணாம்பு கக்குது. அந்தச் சுண்ணாம்பு வேலைக்காவாம அப்டியே கெடக்கும். அதுங்கூடவே பொடிப்பொடியா சந்து கீது. உப்புத்தண்ணி அது வழியாத்தான் பூந்து கம்பியத் தொடும். இந்தச் சாம்பல் இன்னா பண்ணுதுன்னா, அந்தச் சுண்ணாம்பத் தின்னுடுது. தின்னுட்டு அதுவும் கல்லாப் பூடுது. சந்தும் அடைஞ்சிடுது."

"உனுக்கு யார் சொன்னது?"

"யாரும் சொல்லல. முந்நூறு கட்டி நான் ஒடச்சிகீறேன். மெய்யாலுமே சொல்றேன், சாம்பல் போட்ட கட்டி ஒடையறப்போ சத்தமே வேற. கடையில வாங்குற மூட்டையப் பாரு. சில மூட்டையில அனல்மின் சாம்பல்னு மேலயே எழுதி விக்கிறானே?"

"அது கம்பெனி. கம்பெனி கலந்தா சரக்கு. மேஸ்திரி கலந்தா திருட்டு." அவன் இட்லியைப் பிய்த்தான். ஆனால் தின்றான். அது அவளுக்குப் போதும்.

"பரண்மேல ஒரு துண்டு மூட்டை கட்டி வெச்சிகீறியே, அந்த சன்ஷேட் துண்டு. அத்த எடுத்துகினு நாளைக்கு என்கூட வா. அதுல சாம்பல் கீதா இல்லையான்னு பாத்துடலாம்."

அவன் கை நின்றது. இரண்டு வருஷமாக அந்தத் துண்டு பரணில் இருந்தது. சன்ஷேட் விழுந்த அன்று இடிபாட்டிலிருந்து ஏன் எடுத்துவந்தான் என்று அவனுக்கே தெரியாது. அவள் கேட்டதுமில்லை.

மறுநாள் சிமென்ட் சாக்கில் சுற்றிய துண்டோடு ஆம்ப்ரோஸ் சோதனைக்கூடத்துக்குள் வந்தான். செருப்பை வெளியே கழற்றி விட்டான். லாவண்யா, "செருப்போடவே வாங்கண்ணே, ஜல்லி குத்தும்" என்றதும் திரும்பப் போய்ப் போட்டுக்கொண்டு வந்தான்.

லாவண்யா முதலில் அவனுக்கு வேறொன்றைக் காட்டினாள். ஆறு மாதம் உப்புத் தண்ணீரில் ஊறிய இரண்டு உருளைகள். ஒன்று வெறும் சிமென்ட், மற்றது சாம்பல் சேர்த்தது. மர்சலின் இரண்டையும் மிஷினில் படுக்கவைத்து நெட்டுவாக்கில் பிளந்தாள். பிளந்த முகங்கள் ஒரே மாதிரி சாம்பல் நிறமாக இருந்தன. அவள் கையுறை மாட்டி, பழுப்புப் புட்டியிலிருந்த மருந்தை இரண்டின் மேலும் தெளித்தாள்.

"உப்பு போன எடம் வெள்ளையாவும். போகாத எடம் பழுப்பாவும். பாரு" என்றாள்.

கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. பிறகு ஈரத்துக்குள்ளிருந்து நிறம் எழுந்து வந்தது. முதல் உருளையில் ஓரத்திலிருந்து கட்டைவிரல் அகலத்துக்கு வெள்ளை, நடுவில் மட்டும் பழுப்பு. இரண்டாவதில் ஓரத்தில் நகம் போன்ற ஒரு வெள்ளைக் கோடு. மற்றதெல்லாம் அடர்ந்த பழுப்பு, புதிதாக உழுத மண்ணைப்போல.

ஆம்ப்ரோஸ் குனிந்து பார்த்தான். நிமிர்ந்தான். மறுபடியும் குனிந்தான். விரலை நீட்டி, தொடாமல், காற்றிலேயே அந்தக் கோட்டை அளந்தான்.

"ஆறு மாசம் ஒரே தொட்டியிலியா?"

"ஒரே தொட்டி, ஒரே தண்ணிண்ணே."

"உமி..." என்றான். "சொம்மா கெடக்கற உமி." அவன் கண்ணில் அந்தப் பார்வையைக் கடைசியாக எப்போது கண்டோம் என்று மர்சலின் யோசித்தாள். மகள் டீனா பிறந்த அன்று, கோஷா ஆஸ்பத்திரி வாசலில்.

பிறகு அவனுடைய துண்டு. லாவண்யா அதில் ஒரு ஓரத்தைப் பொடித்து மைக்ராஸ்கோப்பில் வைத்து வெகுநேரம் தேடினாள். "உமிச்சாம்பலா இருந்தா தேன்கூடு தெரியணும். நிலக்கரிச் சாம்பலா இருந்தா முத்து முத்தா உருண்டை தெரியணும். ரெண்டும் இல்லண்ணே. நீங்க போட்டது சுத்தமான சிமென்ட்."

மர்சலின் புருஷனைத் திரும்பிப் பார்த்தாள். இரண்டு வருஷம். இந்த ஒரு வார்த்தைக்கு இரண்டு வருஷம். ஆனால் ஆம்ப்ரோஸ் சந்தோஷப்படவில்லை. "அந்த மருந்தையும் தெளி" என்றான்.

மர்சலின் துண்டை உடைத்து, பிளந்த பக்கத்தில் தெளித்தாள். நிறம் எழுந்தது. ஓரம் வெள்ளை. நடுவும் வெள்ளை. கம்பி துருவேறிக் கிடந்த இடம், மேல், கீழ், எங்கும் பால் கொட்டியதைப்போல ஒரே வெள்ளை. லாவண்யா தயங்கினாள். "கடல் காத்துல வந்த உப்புன்னா நடுவுல கொஞ்சமாவது பழுப்பு இருக்கும்ணே. இது... கலக்கும்போதே உள்ள போன உப்பு மாதிரி இருக்கு."

ஆம்ப்ரோஸ் தலையை ஆட்டிவிட்டு வெளியே போனான். தண்ணீர்த் தொட்டியின் விளிம்பில் உட்கார்ந்தான். அடியில் நூறு கட்டிகள் வரிசையாக, பேர் எழுதிய முகம் மேலே பார்க்க, அசையாமல் கிடந்தன. மர்சலின் பக்கத்தில் வந்து நின்றாள்.

"அந்தத் தண்ணிய நான் வாயில வெச்சிப் பார்த்தேன் மர்சி."

"எந்தத் தண்ணி?"

"சாந்தோம் வீட்டு போர் தண்ணி. சித்திரை மாசம். மூணு நாளா லாரி வரல. அவருக்கு வைகாசியில பால் காய்ச்சணும். போர் தண்ணி கரிச்சுது. மொதலாளி, உப்பா கீதுன்னு சொன்னேன். கடக்கரையில எல்லாத் தண்ணியும் இப்படித்தான், போடும்னாரு. நான் கரண்டியக் கீழ வெச்சிட்டு வந்திருக்கணும். வெக்கல. கலந்துட்டேன். சன்ஷேட்டுதானே, சின்ன வேலைதானேன்னு." அவன் தொட்டித் தண்ணீரைக் கையால் அளைந்தான். "ரெண்டு வருசமா சாம்பல் கலக்கல, சாம்பல் கலக்கலன்னு கத்திகினு இருந்தேன். அது நெசந்தான். ஆனா கத்தறப்போல்லாம் இந்தக் கரிப்பு நாக்குல வந்துகினே இருந்துச்சி."

மர்சலின் அவன் தோளில் கை வைத்தாள். "செரி விடு. சாம்பல் இல்லன்னு அந்தப் பொண்ணு எழுதித் தரும். அத்த மட்டும் காட்டு. உன் பேரு திரும்ப வந்துடும். தண்ணி சமாச்சாரம் யாருக்குத் தெரியப்போவுது?"

"மர்சி, அந்த வீட்ல இன்னும் நாலு சன்ஷேட் கீது. அல்லாம் அதே தண்ணி."

அவளுக்கு அப்போதுதான் உறைத்தது. மழைக்காலம். நான்கு ஜன்னல். கீழே நடமாடுகிற ஜனம்.

லாவண்யா எழுதித் தந்த காகிதத்தோடு அன்றே சாந்தோமுக்குப் போனார்கள். கடலிலிருந்து ஈரக்காற்று சந்துக்குள் நுழைந்து முகத்தில் பிசுபிசுத்தது. சண்முகவேல் கதவைத் திறந்தவர் அவனைக் கண்டதும் கதவிலேயே கையை ஊன்றிக்கொண்டார்.

"என்ன வேய், எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டு வந்தீரு?"

"மொதலாளி, ஒரு அஞ்சு நிமிசம். ரெண்டு சேதி கீது. சாம்பல் நான் கலக்கல. இதோ காகிதம். இது ஒண்ணு. ரெண்டாவது, விழுந்தது என் தப்புதான். போர் தண்ணி உப்புன்னு தெரிஞ்சும் கலந்தேன். நீங்க சொன்னீங்கன்னு இல்ல. நான் கொத்தனார். நான்தான் நிறுத்தியிருக்கணும். மீதி நாலையும் எறக்கணும். கூலி வாணாம். அதுவரைக்கும் யாரையும் ஜன்னல் கீழ நிக்க விடாதீங்க."

உள்ளிருந்து சுந்தரவல்லி சுவரைப் பிடித்தபடி வந்தார். இடது காலின் குதிகால் தரையில் படவில்லை.

"உள்ள வரச் சொல்லுங்க அவியள" என்றார். அவர்கள் வந்து நின்றதும் புருஷனைப் பார்க்காமல், ஆம்ப்ரோஸைப் பார்த்துச் சொன்னார்: "தண்ணி கரிக்கின்னு நீங்க சொன்னத நான் கேட்டேன் மேஸ்திரி. அன்னைக்கு உங்களுக்கெல்லாம் மோர் கொண்டாந்துக்கிட்டு இருந்தேன். அவிய போடுங்கன்னு சொன்னதையும் கேட்டேன். ஆஸ்பத்திரியில கெடந்து எல்லாத்தையும் நெனைச்சிக்கிட்டுதான் இருந்தேன். ஊரே உங்களச் சொல்லும்போது எனக்கு வாய் வரல. கட்டுனவுகள விட்டுக்குடுக்க முடியல பாத்துக்கிடுங்க."

சண்முகவேல் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். அப்புறம் தலையைத் தூக்காமலேயே, "எறக்கிரும்" என்றார். "எறக்கிட்டு என்னத்தப் போடுவீரு? மறுபடியும் இதே கடக்காத்துதான?"

ஆம்ப்ரோஸ் மர்சலினைப் பார்த்தான். அவள் அவனைப் பார்த்தாள். சொல்ல வேண்டியது அவன்தான்.

"சாம்பல் போடுவேன் மொதலாளி."

சண்முகவேல் நிமிர்ந்து பார்த்தார், கேலி செய்கிறானா என்று. பிறகு மர்சலின் தன் பையிலிருந்து பிளந்த உருளை இரண்டையும் எடுத்து மேசைமேல் வைத்தாள். சுந்தரவல்லி வெகுநேரம் அந்தப் பழுப்பைப் பார்த்துவிட்டு, "போடட்டும்" என்றார்.

கார்த்திகையில் நான்கு நாள் வெயில் காய்ந்தது. பழைய சன்ஷேட்டுகளை இறக்கினார்கள். உளி இரண்டு அடி வைத்ததும் கான்கிரீட் தட்டுத் தட்டாகக் கழன்றது. உள்ளே கம்பி, கம்பியாக இல்லை. பழைய புத்தகம் போல ஏடு ஏடாகத் துரு உரிந்தது. மூன்றாவதை இறக்கும்போது உளியே தேவைப்படவில்லை, கை வைத்ததும் வந்துவிட்டது. வாசலில் நின்று பார்த்த சண்முகவேல், "முருகா" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்.

முன்பே விழுந்ததோடு சேர்த்து ஐந்தையும் புதிதாகப் போட்டார்கள். மர்சலின் லீவு போட்டு, காலேஜ் தராசோடும் லாவண்யாவோடும் வந்தாள். லாரித் தண்ணீரை ஆம்ப்ரோஸ் உள்ளங்கையில் ஏந்தி வாயில் வைத்து, கண்ணை மூடி, தலையசைத்த பிறகுதான் வாளி இறங்கியது. மர்சலின் சாம்பலை எடை போட்டு நீட்டினாள். அதை வாங்கும்போது அவன் கை ஒரு கணம் நின்றது. பக்கத்து வீட்டு மாடியில் இரண்டு பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவன் அவர்களை நிமிர்ந்து பார்த்துவிட்டு, ஊர் பார்க்கவே, சாம்பலைச் சிமென்டின் மேல் கொட்டினான்.

கலவை முதலில் தண்ணீரெல்லாம் குடித்துவிட்டு விறைத்தது. கலவையை இளக்க லாவண்யா கொண்டுவந்த வேறொரு மருந்தைக் கொஞ்சம் விட்டதும் நெகிழ்ந்தது. மண்வெட்டியால் புரட்டப் புரட்ட வெண்ணெய் போலத் திரண்டு வந்தது. ஆம்ப்ரோஸ் ஒரு கரண்டி அள்ளிச் சாய்த்துப் பார்த்தான். ஜல்லி பிரியவில்லை, தண்ணீர் கசியவில்லை. "இது இன்னாமே," என்றான் மெதுவாக, "கட்டி இழுக்குது. கரண்டிய விடமாட்டேங்குது." முப்பது வருஷக் கொத்தனார், முதல் நாள் வேலைக்கு வந்தவனைப்போல அதையே புரட்டிக்கொண்டிருந்தான். "நேரமாவுது அண்ணே" என்று லாவண்யா சொல்ல வேண்டியிருந்தது.

அதே கலவையில் மூன்று கட்டி வார்த்து மர்சலின் காலேஜுக்கு எடுத்துப் போனாள். ஆம்ப்ரோஸ் தினமும் காலையில் வந்து புது சன்ஷேட்டுகளின் மேல் விரித்த சாக்கை நனைத்தான். தண்ணீர் லாரித் தண்ணீர்தானா என்று சண்முகவேலே இப்போது வாயில் வைத்துப் பார்த்தார்.

வார்த்த இருபத்தெட்டாம் நாள் மார்கழியில் வந்தது. மர்சலின் முதல் கட்டியைத் துடைத்து மிஷினில் வைத்தாள். பதினோரு வருஷத்தில் எத்தனையோ பேர் வார்த்த கட்டியை உடைத்திருக்கிறாள். புருஷன் கலந்ததை உடைப்பது இதுதான் முதல் தடவை. எழுநூறு கிலோநியூட்டன் தாண்டினால் போதும். முள் அறுநூறு, அறுநூற்று ஐம்பது என்று ஏறியது. எழுநூறைத் தாண்டியது. எழுநூற்று ஐம்பது. லாவண்யா பக்கத்தில் வந்து நின்றாள். எண்ணூறு. கட்டியில் ஒரு கீறல்கூட இல்லை. ஒரு சிலந்திவலைக்குக்கூடப் பாரமாகாத தூசி, ஊதினால் பறக்கிற உமி, சேற்றில் நின்ற செடி உறிஞ்சி வைத்த மணல். அது அத்தனை டன் பாரத்தையும் தாங்கிக்கொண்டு பேசாமல் நின்றது. மர்சலின் தன்னை அறியாமல் சிலுவை போட்டுக்கொண்டாள். எண்ணூற்று எழுபதில் 'டம்' என்று ஒரே சத்தம், கருங்கல் பிளக்கிற சத்தம்.

மற்ற இரண்டையும் உடைத்துவிட்டுத்தான் போன் போட்டாள். "முட்டு எடுத்துடலாம்யா" என்றாள்.

அன்று சாயங்காலம் அவள் சாந்தோமுக்கு நேராக வந்தாள். ஆம்ப்ரோஸ் நான்கு சன்ஷேட்டுகளுக்கும் அடியில் கொடுத்திருந்த முட்டுக்கட்டைகளை எடுத்து முடித்திருந்தான். மீதி இருந்தது பக்கவாட்டு ஜன்னல், சுந்தரவல்லிக்கு அடிபட்ட இடம். வானம் இருண்டு தூறல் போட ஆரம்பித்தது. "நாளைக்குப் பாத்துக்கலாம்" என்று சண்முகவேல் சொன்னார். ஆம்ப்ரோஸ் கேட்கவில்லை. சுத்தியலால் அடிக் கட்டையைத் தட்டினான். ஒரு முட்டு சரிந்தது. இன்னொன்று. பலகை தொப்பென்று விழுந்தது. சன்ஷேட் அசையவில்லை. அவன் விலகவில்லை. அதற்கு நேர் கீழே, சுவரில் முதுகைச் சாய்த்து, மேலே பார்த்தபடி நின்றுவிட்டான். மழை வலுத்தது.

பக்கவாட்டுக் கதவு திறந்தது. இரண்டு வருஷமாகத் திறக்காத கதவு, கீல் முனகியது. சுந்தரவல்லி வெளியே கால் வைத்தார்.

"அம்மா, வராதீங்க. இன்னும் ஒரு ராத்திரி போவட்டும்" என்றான் ஆம்ப்ரோஸ்.

"நீங்க நிக்கீய இல்ல?"

"நான் போட்டது, நான் நிக்கிறேன்."

அவர் சுவரைத் தடவிக்கொண்டே, ஒரு காலை ஊன்றியும் ஒரு காலைத் தொட்டும், ஜன்னலுக்குக் கீழே வந்து அவனுக்குப் பக்கத்தில் சாய்ந்து நின்றார். மூச்சு வாங்கியது. அண்ணாந்து பார்த்தார். மூன்று அங்குல கனம். அதன் விளிம்பிலிருந்து மழை திரைபோல இறங்கியது. அடிப்பக்கம் ஒரு சொட்டுக் கசிவில்லாமல், வழுவழுவென்று, பலகையின் மரவரிகூடப் பதிந்து, காய்ந்து கிடந்தது. அவர் கையைத் தூக்கி எட்டுமா என்று பார்த்தார். எட்டவில்லை.

மர்சலின் சந்தில் முந்தானையைத் தலைக்குப் போட்டபடி நனைந்துகொண்டிருந்தாள். கண்ணை எடுக்க முடியவில்லை.

"மழையில ஏன் நிக்கீய?" என்று சுந்தரவல்லி அவளைக் கூப்பிட்டார். "இங்கிட்டு வாங்க."

மர்சலின் வந்தாள். சுந்தரவல்லி ஒரு பக்கம் நகர்ந்தார், ஆம்ப்ரோஸ் ஒரு பக்கம் நகர்ந்தான். சுவரோடு ஒட்டி நின்றால் மூன்று பேருக்கு இடம் இருந்தது.